நாடாளுமன்றக் குழுவின் முன் என் அண்ணன்

ஐரோப்பாவின் வெவ்வேறு நாடாளுமன்றங்களில், குழுச் செயலகங்களில், அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து கேட்டீர்கள்: "அக்கா, உங்கள் அனுபவத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள்." ஏன் தமிழில் என்று கேட்டேன். "எங்கள் மேலதிகாரிகளால் படிக்க முடியாதல்லவா" என்றீர்கள். இதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை. தவிர, உங்களில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். நல்லது. சட்ட முன்மொழிவையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எறணாகுளத்தில் சட்டம் படித்தேன். கப்பல் கட்டும் வேலையில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, குளிர் மிகுந்த ஒரு சிறிய நாட்டுக்குப் போனேன். அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் அந்த மொழியைக் கற்றேன். நாடாளுமன்றத்தில் ஆங்கில ஆவணங்களைச் சுருக்கி எழுத ஆள் தேடினார்கள். சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது ஐரோப்பிய விவகாரக் குழுவின் செயலாளராக இருந்தேன்.

அந்தக் குழு என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை உங்களில் சிலருக்கு அம்மா அப்பாதான் வாசித்துக்காட்டப் போகிறார்கள் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பா முழுவதற்குமான ஒரு சட்டத்தை முன்மொழிகிறார்கள். அதை முடிவு செய்யும் கூட்டத்தில் ஒவ்வொரு நாட்டு அமைச்சரும் உட்காருவார். எங்கள் நாட்டில், அமைச்சர் அங்கே போய்க் கையைத் தூக்குவதற்கு முன் எங்கள் குழுவின் முன் வந்து, "இப்படிச் சொல்லப்போகிறேன், சம்மதமா?" என்று கேட்க வேண்டும். குழு சம்மதிக்கலாம், "இந்த இரண்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்" என்று நிபந்தனை போடலாம், மறுக்கலாம். அது தவிர, "இந்தச் சட்டத்தை ஐரோப்பா செய்ய வேண்டியதே இல்லை, நாங்களே எங்கள் ஊரில் செய்துகொள்வோம்" என்று நேரடியாகப் பிரஸ்ஸல்ஸுக்கு எழுதவும் எட்டு வாரம் அவகாசம் உண்டு. உறுப்பினர்கள் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். செயலாளர் தாள்களைத் தயார் செய்வார், பதிவைக் காப்பார். அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் எனக்கு முன்பிருந்த செயலாளர். உறுப்பினர் யாராவது "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், பக்க எண்ணைச் சொல்வார். வேறெதுவும் அவர் வாயிலிருந்து வராது. பணி ஓய்வு விருந்தில் அவரிடம், இத்தனை வருட வேலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "ஆண்டறிக்கையில் இருக்கிறது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அபிப்பிராயம் இல்லாமல் இருப்பது சும்மா வருவதல்ல. அதற்கு ஒருநாள் விலை கேட்பார்கள். என்னிடம் கேட்ட நாளைப் பற்றித்தான் இது.

கொரோனா வந்த வருடம். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக விடுப்பெடுத்து மட்டாஞ்சேரி வந்திருந்தேன். கல்யாணம் தள்ளிப்போனது. விமானங்கள் நின்றன. நானும் நின்றுவிட்டேன். அங்கே குழுவின் கூட்டங்கள் எல்லாம் கணினித் திரைக்கு மாறின. அண்ணன் வீட்டு மாடியறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நான் செயலாளர் வேலையைத் தொடர்ந்தேன். அங்கே காலைக் கூட்டம். இங்கே மதியச் சாப்பாடு முடிகிற நேரம். ஜன்னலுக்கு நேர்கீழே மிளகுக் கிடங்கு. ஒருமுறை மைக்கை மூட மறந்து பலமாகத் தும்மினேன். குழுத் தலைவர், "செயலாளர் ஆட்சேபிக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்று பதிவு செய்தேன்.

தலைவர் ஒரு பெண்மணி. அரசியலுக்கு வருமுன் மாட்டு டாக்டராக இருந்தவர். நோயாளி பேசாது என்ற எதிர்பார்ப்போடுதான் எல்லாரிடமும் பேசுவார்.

அப்படி இருக்கும்போது அந்த முன்மொழிவு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் இறாலைப் பற்றியது. இறாலை யார் உரித்தார்கள், எங்கே, எந்த நிலைமையில், என்ன கூலிக்கு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சான்று வேண்டும். தொழிற்சாலைக்கு வெளியே, தனி ஷெட்டுகளில் உரித்த இறாலை, சட்டம் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தரை, மேசை, தண்ணீர் பற்றிய விவரங்கள் எல்லாம் பின்னிணைப்பில்.

அண்ணனுக்குத் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட் இருந்தது. அப்பா தொடங்கியது. காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்த இறால் வரும், பெண்கள் உட்கார்ந்து உரிப்பார்கள், மாலையில் கம்பெனி வண்டி வந்து எடுத்துப்போகும், அங்கிருந்து கப்பல். முன்மொழிவின் ஐந்தாம் பிரிவைப் படித்து முடித்தபோது கீழே மதினி சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாள் அப்போது பொதுவில் வெளியாகியிருந்தது. சொல்லியிருந்தாலும் ரகசியம் உடைந்திருக்காது. ஆனால் முதலில் சொல்ல வேண்டிய ஆள் அண்ணன் அல்ல.

மறுநாள் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "இந்த முன்மொழிவு நிறைவேறினால் என் அண்ணனின் தொழில் மூடப்படும். நான் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன்" என்றேன்.

"இந்தக் குழுவில் அண்ணன் தம்பி இல்லாதவர் யார்? ஆனால் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். குறிப்பு எழுதும் பொறுப்பைத் துணைச் செயலாளரிடம் கொடுக்கச் சொன்னார். நான் கூட்டத்தை நடத்தலாம், பதிவைப் பார்க்கலாம். இந்தப் பொருளைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே இதைப் படித்துப் பதிவும் செய்தார்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. மீன்பிடி ஊர் ஒன்றிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் ஊர் இறாலுக்குப் போட்டியே எங்கள் ஊர் இறால்தான். அவர் சொன்னார்: "செயலாளரின் அண்ணன் சாப்பாட்டு மேசையில் தங்கையிடம் எப்படியும் சொல்லத்தான் போகிறார். அதை நம்மிடமே சொல்லட்டுமே. சாட்சியாகக் கூப்பிடுவோம். பதிவில் இருக்கும்."

யாராலும் மறுக்க முடியவில்லை. அன்று மாலை நான் அண்ணனிடம் சொன்னேன்.

"என்னையா? நாடாளுமன்றமா? எந்த நாடு?"

"நான் வேலை பார்க்கிற நாடு."

"அவங்களுக்கு எந்தா நம்ம ஷெட்டில் காரியம்?"

சட்டத்தைச் சொன்னேன். அண்ணன் முழுவதையும் கேட்டார். சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வருஷத்தில் அடைக்கணுமா?"

"அது முன்மொழிவு. இன்னும் சட்டம் ஆகல்ல. அதைத்தான் குழு ஆராயுது."

"சரி. நான் என்ன சொல்லணும்?"

"அதை நான் சொல்லக் கூடாது அண்ணே."

"பின்னே தங்கச்சின்னு ஒருத்தி அங்க எதுக்கு இருக்கா?"

"ரெண்டு வருஷம் அவகாசம் வேணும்னு ஒரு வரி சேத்து எழுதிவிடக் கூடாதா?" என்று மதினி கேட்டார். இப்போது எழுதுகிற வேலையே என்னிடம் இல்லை, கொடுத்துவிட்டேன் என்றேன். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறது கேட்டிருக்கேன். வெண்ணெயைத் தூக்கி அடுத்த வீட்டில் கொடுத்ததை இப்பத்தான் பாக்கேன்" என்று எழுந்து போனார்.

விசாரணை நாளன்று வீட்டில் இரண்டு கணினிகள். மாடியறையில் நான், செயலாளராக. சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த அறையில் அண்ணன், சாட்சியாக. வெள்ளைச் சட்டை, புது வேஷ்டி. திரையில் வேஷ்டி தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியுமே என்றார். ஊரடங்கு காலம், பாலத்தில் போலீஸ் நின்றது, வேறெங்கும் அவரை உட்கார வைக்க வழியில்லை. இரண்டு அறைகளையும் பற்றித் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அதையும் பதிவு செய்தார்கள். அண்ணன் பேசும்போது அவர் குரல் முதலில் சுவர் வழியாக வரும். பிறகு, உலகத்தைச் சுற்றிக்கொண்டு, என் கணினியிலிருந்து வரும்.

அண்ணன் மலையாளத்தில் பேசுவது என்று ஏற்பாடு. மொழிபெயர்த்தவர் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த நர்ஸ், கோட்டயத்துக்காரர். நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பார். நல்ல மலையாளம், நல்ல அந்நாட்டு மொழி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தெரிய வேண்டிய தேவை வரும் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

முதல் சில கேள்விகள் ஒழுங்காகப் போயின. பிறகு மீன்பிடி ஊர் உறுப்பினர் கேட்டார்: "இப்படி ஒரு சட்டம் வரலாம் என்று பல காலமாகப் பேச்சு இருக்கிறது. நீங்கள் ஏன் இதுவரை உங்கள் ஷெட்டை மாற்றவில்லை?"

நர்ஸ் கேள்வியை மலையாளத்தில் சொன்னார். சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் பதற்றமானால் மலையாளத்துக்கு நடுவே வீட்டுத் தமிழ்ச் சொல் வந்துவிடும்.

"எனிக்கு அவசரம் ஒண்ணும் இல்லா" என்றார்.

உங்களுக்குப் புரியும், தமிழர்களுக்கு அதில் சந்தேகமே வராது. ஆனால் மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. நாம் அவசரம் என்கிற இடத்தில் அவர்கள் 'திரக்கு' என்பார்கள். நர்ஸ் கேட்டதைத்தான் சொன்னார்: "எனக்கு வாய்ப்பு எதுவும் இருக்கவில்லை."

திரையில் முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். பெரிய குரல் உறுப்பினரே குரலைத் தாழ்த்தி, "ஆம், வாய்ப்புத் தராமல் கேட்பது நியாயமில்லைதான்" என்றார். இன்னொருவர், அவகாசத்தை இரண்டு வருடமாக்கச் சொல்லி அமைச்சரைக் கேட்கலாம் என்றார். நாலைந்து தலைகள் ஆடின. தலைவர் சாட்சிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் தமிழ், மலையாளம், அந்நாட்டு மொழி மூன்றும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அண்ணனுக்கும் தெரியாது, அந்நாட்டு மொழியில் தன் பதில் என்னவாகப் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சும்மா இருந்தால் போதும். நான் எந்தப் பொய்யும் சொன்னதாகாது. யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. பிழை செய்தது நர்ஸ், அதுவும் நல்லெண்ணத்தில். பலன் ஒரு ஷெட்டில் உட்கார்ந்து உரிக்கும் பெண்களுக்கும் சேர்த்து. இத்தனை நல்ல காரணங்கள் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் கிடைத்ததில்லை.

இப்படி வரிசையாக நல்ல காரணங்கள் வந்து நின்றால் பயப்படுங்கள். நான் என்னை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இதே பிழை அண்ணனுக்கு எதிராக விழுந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா? உடனே திறந்திருப்பேன். தும்முவதற்குள் திறந்திருப்பேன். அப்படியானால் இப்போதும் திறக்கத்தான் வேண்டும்.

ஆனால் எப்படி என்பது வேறு விஷயம். "அவர் சொன்னது வாய்ப்பு அல்ல, அவசரம்" என்று நானே சொல்லிவிடலாம். எனக்குத் தெரியும். ஆனால் நான் சாட்சியின் தங்கை. இந்தப் பொருளில் வாய் மூடியிருக்க ஒப்புக்கொண்டவள். என் வாயிலிருந்து வரும் அர்த்தம், சரியாக இருந்தாலும், பதிவில் நிற்கக் கூடாது. கூட்டத்தின் முன் அந்த நர்ஸைப் பிழைக்காரியாக்கவும் எனக்கு மனமில்லை. ஆகவே மைக்கைத் திறந்து இவ்வளவுதான் சொன்னேன்:

"தலைவர் அவர்களே, கடைசிப் பதிலில் ஒரு சொல் இரண்டு மொழிகளில் இரண்டு பொருள் தரக்கூடியது. அந்தப் பதிலைச் சாட்சியே வேறு சொற்களில் மீண்டும் சொல்லும்படி கேட்கலாம்."

"எந்தச் சொல்?"

"அவசரம்."

தலைவர் கேட்டார். நர்ஸ் மலையாளத்தில் அண்ணனிடம், "சேட்டா, ஆ அவசரம் எந்நு பறஞ்ஞது ஒந்நு வேறே வாக்கில் பறயாமோ?" என்றார்.

அண்ணன் முட்டாள் அல்ல. 'அவசரம்' என்பதை மலையாளியொருத்தி எப்படி எடுத்திருப்பாள் என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். அதை நிறுத்தியது யார் என்றும் புரிந்திருக்கும். அவருக்கும் ஒரு வழி திறந்துதான் இருந்தது. 'வாய்ப்புன்னுதான் சொன்னேன்' என்று சொல்லிவிட்டால், தங்கை எதுவும் செய்ய முடியாது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஹரி" என்றார், அவசரத்துக்கான ஆங்கிலச் சொல்லில். "நோ ஹரி. ஐ ஸே நோ ஹரி."

நர்ஸின் முகம் சிவந்தது. தலைவர் தலையை ஒருபக்கம் சாய்த்து, மாட்டைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார். "ஏன் அவசரம் இல்லை?"

அண்ணன் இந்த முறை நிதானமான மலையாளத்தில் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

"முதல்ல தரைக்கு வெள்ளை டைல்ஸ் போடணும்னாங்க. போட்டேன். அப்புறம் டைல்ஸ் இடுக்கில் அழுக்கு சேரும், எடுத்துடுங்கன்னாங்க. எடுத்தேன். மர மேசை கூடாது, அலுமினியம்னாங்க. அலுமினியம் வந்ததும், ஸ்டீல்னாங்க. ஒவ்வொரு தடவையும் நான் அவசரப்பட்டேன். பக்கத்து ஷெட்டுக்காரர் ஒரு தடவையும் அவசரப்படல்ல. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நிக்கிறோம். அவர் தரை மட்டும் உடையாத தரை. கடைசி விதி எதுன்னு சொல்லுங்க. அதுக்கு அவசரப்படறேன்."

சிலர் சிரித்தார்கள். பெரிய குரல் உறுப்பினர் பின்னிணைப்பைப் புரட்ட ஆரம்பித்தார். முன்மொழிவின் கடைசியில் ஒரு பிரிவு இருந்தது: பின்னிணைப்பை அமைச்சர்களையோ நாடாளுமன்றங்களையோ கேட்காமல் பிரஸ்ஸல்ஸே அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். எல்லாச் சட்டத்திலும் வருகிற பிரிவு என்பதால் யாரும் அதில் நின்று பார்ப்பதில்லை. அன்று நின்றார்கள்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் தலைவர் நிறுத்தவில்லை. "பெண்களுக்குக் கூலி எப்படி?" என்று கேட்டார்.

"உரிச்ச எடைக்கு."

"கையுறை?"

"கொடுக்கோம். போட மாட்டாங்க. போட்டா வேகம் குறையும், எடை குறையும்."

"ஐஸில் கிடந்த இறாலை நாள் முழுவதும் வெறுங்கையால் உரிக்கிறார்கள். நாள்கூலி கொடுத்தால் கையுறை போடுவார்கள், இல்லையா?"

"எங்க அப்பா காலத்திலேருந்தே எடைக்குத்தான்."

"அதை மாற்றவும் அவசரம் இல்லையா?"

சுவர் வழியாக ஒன்றும் வரவில்லை. கணினி வழியாகவும் ஒன்றும் வரவில்லை. தலைவர் காத்திருந்தார். பிறகு நன்றி சொல்லி விசாரணையை முடித்தார். பதிவில், 'சாட்சி பதிலளிக்கவில்லை' என்று இருக்கிறது. நான் அந்தச் சொல்லை எடுத்துச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்மை கடைசியில் நம் பக்கமே திரும்பும் என்று யாராவது உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னால், பக்க எண்ணைக் கேளுங்கள்.

குழு அன்றே முடிவெடுத்தது. சட்டத்தை ஆதரிக்கலாம். ஆனால் அமைச்சர் இரண்டைக் கேட்க வேண்டும்: பின்னிணைப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் தொடக் கூடாது, கூலி பற்றிய பிரிவை இன்னும் கடுமையாக்க வேண்டும். இரண்டு வருட அவகாசத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நெடுநாள் இழுத்தது. அமைச்சர் போய்ப் பேசினார். பின்னிணைப்பை மாற்றுமுன் நாடாளுமன்றங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற அளவுக்குக் கிடைத்தது. சின்ன நாட்டுக்கு அதுவே அதிகம். கூலிப் பிரிவு கொஞ்சம் கடுமையானது. அவகாசம் ஒரு வருடம்தான். அண்ணன் ஷெட்டை மூடினார். இப்போது அந்த இடத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறார்கள். பெண்களில் பெரும்பாலோர் கம்பெனி பஸ்ஸில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், கையுறை போடுகிறார்கள், நாள்கூலி. முட்டி வலியால் பஸ் ஏற முடியாத இருவர் மட்டும் கும்பளங்கியில் விருந்தினர் தங்கும் வீடுகளுக்கு இறால் உரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே இன்னும் எடைக்குத்தான். அண்ணன் அந்தக் கேள்வியால் மனம் மாறி மறுவாரமே நாள்கூலி கொடுத்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கொடுக்கவில்லை.

என்னோடு பேசவும் இல்லை. அதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரே வீடு, வெளியே போக வழியில்லை, அண்ணன் என்னிடம் சொல்ல வேண்டியதை மதினியிடம் சொல்வார். "அந்தப் பிள்ளைகிட்ட மோட்டார் போட்டாச்சான்னு கேளு." நான் எதிரிலேயே இருப்பேன். மதினி என்னைப் பார்த்து, "மோட்டார் போட்டாச்சான்னு கேக்கார்" என்பார். போட்டாச்சு என்று நான் மதினியிடம் சொல்வேன். மதினி ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோனார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

சில வாரங்களில் விசாரணையின் பதிவு வந்தது. வெளியிடுமுன் சாட்சிக்கு அனுப்பி, திருத்தம் உண்டா என்று கேட்பது விதி. அந்நாட்டு மொழியில் இருந்ததால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நான் செய்யக் கூடாது. நர்ஸ்தான் தொலைபேசியில் படித்துச் சொன்னார். அண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

அந்த இடம் வந்ததும் நர்ஸ் நிறுத்தினார். "சேட்டா, அன்னு எனிக்கு தெற்றிப்போயி" என்றார், அன்று பிழை செய்துவிட்டேன் என்று.

"சாரமில்லா மோளே" என்று அண்ணன் அவரைத் தேற்றினார். கொஞ்சம் குரலை உயர்த்தி, மாடிப்படிக்குக் கேட்கும்படி, "நீ தெற்றிச்சது நல்லதுக்காயிருந்நு" என்றார்.

நர்ஸ் மீதியைப் படித்தார். 'சாட்சி பதிலளிக்கவில்லை' என்பது வரை. திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

வேண்டுமானால் அந்த இடத்தில் இரண்டு வரி விளக்கம் சேர்க்கலாம், விதி அனுமதிக்கிறது. அதை நர்ஸும் சொன்னார்.

"வேண்டா. அங்ஙனே கிடக்கட்டே" என்று வைத்துவிட்டார்.

பிறகு திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கி வந்தேன்.

"இதுல உன் பேரே இல்லையே" என்றார். நேராக என்னிடம்.

"எங்க பேரு வராது. செயலாளர்னுதான் வரும்."

"தங்கச்சிங்கற விஷயம்?"

"அது முதல் பக்கத்துலயே இருக்கு. தலைவர் படிச்சுப் பதிவு பண்ணியாச்சு."

"அப்போ அங்க எல்லாருக்கும் தெரியும், நீ என் தங்கச்சின்னு. தெரிஞ்சும் நீ வாயைத் திறந்தே."

"தெரிஞ்சதாலதான் திறந்தேன்."

அவர் வேஷ்டியின் கரையைக் கொஞ்ச நேரம் நிமிண்டினார். "நான் அன்னைக்கு அவசரம்னு சொல்லாம திரக்குன்னு சொல்லியிருந்தா?"

"நர்ஸ் சரியாவே சொல்லியிருப்பாங்க."

"அந்தச் சொல்லுக்காக நீ பேச வேண்டி வந்திருக்காது."

"வந்திருக்காது."

"எப்படியும் நோ ஹரிதான் அங்க போய்ச் சேர்ந்திருக்கும்."

"ஆமா."

"பின்னே பிழை என் வாயிலதான்" என்றார் அண்ணன். மன்னிப்பா, தீர்ப்பா என்று நான் கேட்கவில்லை.

அடுக்களையிலிருந்து மதினியின் குரல் வந்தது. "இனி ரெண்டு பேரும் நேரா பேசிக்கிடுவீங்கல்லா? எனக்கு அடுப்பில் வேலை கிடக்கு."